விளையாட்டை நிறுத்தும் றக்பிக்காரர் பயிற்சிப் பணிப்பாளர் ஆகலாமா?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு அக்கா கேட்டிருப்பது இது. தம்பிக்கு 29 வயது. பாடசாலைக் காலத்திலிருந்து றக்பி, இப்போது கொழும்புக் கழகம் ஒன்றில் ஃப்ளாங்கர், அதாவது முன்கள ஆட்டக்காரர். இடது முழங்காலில் இரண்டு தடவை சத்திரசிகிச்சை. பகலில் வங்கி வேலை. "இன்னும் ஒரு சீசன், பிறகு கோச்சிங், பத்து வருடத்தில் கோச்சிங் டிரெக்டர்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அப்படி ஒரு உத்தியோகம் உண்மையிலேயே இருக்கிறதா, விளையாடியவர்கள் அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பது அக்காவின் கேள்வி. வங்கி வேலையை விடலாமா என்பது அம்மாவின் கேள்வி.

உத்தியோகம் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். 14 வருடம் ஹூக்கராக, அதாவது இரு அணியும் தலைகோத்துத் தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசை நடு ஆளாக, விளையாடினேன். அதில் பாதிக் காலம் வாங்கில் இருந்து பார்த்ததுதான். பிறகு 20 வருடத்துக்கு மேல் பாடசாலைகளிலும் கழகங்களிலும் பயிற்றுநர். இப்போது செய்வது கோச்மாருக்குக் கோச் வேலை. ஆகவே இது வெளியில் நின்று சொல்லும் கதை இல்லை. என் சாய்வுகளும் இதற்குள் இருக்கும்.

முதலில் பெயரைத் தெளிவாக்குவோம். தலைமைப் பயிற்றுநரின் கண் இந்தச் சனிக்கிழமை மட்சில் இருக்கும். யார் காயம், யாரை இறக்குவது, எதிரணியின் லைன்-அவுட்டை (வெளியே போன பந்தை உள்ளே எறிவதை) எப்படிக் குழப்புவது என்பதோடு அவருடைய கிழமை முடிந்துவிடும். பயிற்சிப் பணிப்பாளருக்குச் சனிக்கிழமை முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் பார்ப்பது மூன்று வருடத்துக்கு அப்பால். 13 வயதுக்குட்பட்ட பையனுக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எதை இன்னும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, அந்தப் பையன் 19 வயது அணிக்கு வரும்போது அவன் கழுத்தும் தோளும் ஸ்க்ரம்மின் முன்வரிசைக்குத் தயாராக இருக்குமா, அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இளம் கோச்சுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்பதெல்லாம் அவருடைய தலையிடி. ஆளெடுப்பது, பாடத்திட்டம் எழுதுவது, மைதான ஓரத்தில் நின்று மற்றக் கோச்மாரைக் கவனிப்பது, காயப் பதிவேடு, செயற்குழுவோடு சண்டை. விசில் ஊதுவது மிகக் குறைவு. சில நாடுகளில் இதையே 'டிரெக்டர் ஒஃப் றக்பி' என்பார்கள், சில இடத்தில் 'பெர்ஃபோமன்ஸ் டிரெக்டர்'. அதிகாரத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும்.

இந்த வேலைக்கு நீண்ட வரலாறு கிடையாது. றக்பியில் பயிற்றுநர் என்ற ஆளையே ஒருகாலத்தில் கனவான்கள் முகம் சுளித்துத்தான் பார்த்தார்கள். அணியைத் தலைவர் நடத்துவார், சம்பளம் என்ற பேச்சே பாவம். அந்தச் சூழலில் 1967இல் வேல்ஸ் றக்பிச் சங்கம் ரே வில்லியம்ஸ் என்பவரை முழுநேரப் பயிற்சி அமைப்பாளராக நியமித்தது. உலகிலேயே இப்படியான முதல் நியமனம் அதுதான் என்பார்கள். அவர் நல்ல ஃப்ளை-ஹாஃப், ஆனால் வேல்ஸ் தேசிய அணிக்கு ஒரு மட்ச் கூட ஆடக் கிடைக்காதவர். ஊர் ஊராகப் போய்ப் பயிற்றுநர்களுக்கு வகுப்பு எடுத்தார். அதன் பிறகு வந்த 1970களில் வேல்ஸ் எப்படி ஆடியது என்று பழைய றக்பி ரசிகர் யாரைக் கேட்டாலும் ஒரு மணித்தியாலம் கதைப்பார். 1971, 1976, 1978 என்று மூன்று கிராண்ட் ஸ்லாம், அதாவது ஐந்து நாடுகள் தொடரில் எல்லா மட்சையும் வென்ற வருடங்கள். அது முழுக்க வில்லியம்ஸால் வந்தது என்று சொன்னால் அந்தக் காலத்து நட்சத்திரங்களான கரெத் எட்வர்ட்ஸும் பாரி ஜோனும் சிரித்திருப்பார்கள். ஆனால் கீழே கோச்மாரைத் தயாரிக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதும் உண்மை. 1971இல் வேல்ஸுக்கும், நியூசிலாந்தில் தொடரை வென்ற லயன்ஸ் அணிக்கும் (பிரித்தானிய, அயர்லாந்துக் கூட்டு அணி) தலைவராக இருந்த ஜோன் டோஸ், பிறகு வேல்ஸின் பயிற்றுநராக இருந்து, 1980இல் அதே பயிற்சி அமைப்பாளர் நாற்காலிக்கு வந்தார். இங்கிலாந்தில் 1969இல் டொன் ரதர்ஃபோர்ட் வந்தார். 14 தடவை இங்கிலாந்துக்கு ஃபுல்-பேக்காக ஆடியவர், கிட்டத்தட்ட 30 வருடம் அந்தச் சங்கத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தார்.

இந்தப் பெயர்களை வரிசையாகப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் இரண்டு விஷயம் கண்ணில் படும்.

ஒன்று, வாத்தியார்மார். ஜோன் டோஸ் இரசாயனவியல் படித்து ஆசிரியராக இருந்தவர். ஸ்கொட்லாந்தின் ஜிம் டெல்ஃபரும் இரசாயனவியல் ஆசிரியர்தான், பிறகு ஒரு பாடசாலையின் அதிபராகவும் இருந்தார். 1966லும் 1968லும் லயன்ஸ் அணியில் போன முரட்டு முன்கள ஆட்டக்காரர் அவர். 1984இல் ஸ்கொட்லாந்துக்குக் கிராண்ட் ஸ்லாம் வாங்கிக் கொடுத்த பயிற்றுநர், பிறகு ஸ்கொட்லாந்துச் சங்கத்தின் றக்பிப் பணிப்பாளர். பிறகு அவுஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகளின் பயிற்றுநரான எடி ஜோன்ஸும் சிட்னியில் உடற்கல்வி ஆசிரியராகவும் பதில் அதிபராகவும் இருந்தவர். இரசாயனவியலுக்கும் றக்பிக்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாற்பது பிள்ளைகளை வைத்து ஒரு பாடத்தை 40 நிமிடத்துக்குள் நடத்தி, கடைசி வாங்கில் இருப்பவனுக்கு விளங்கியதா என்று பார்க்கப் பழகியவருக்கு மைதானம் பெரிய அதிசயம் இல்லை.

மற்றது, வாங்கில் இருந்த ஹூக்கர்கள். இதை நான் ஹூக்கர் என்பதால் சொல்கிறேன் என்று உங்கள் தம்பி சிரிப்பார். சிரிக்கட்டும். பிறகு வேல்ஸ் அணியின் பயிற்றுநரான வொரன் கட்லண்ட் நியூசிலாந்து அணியோடு சுற்றுப்பயணம் போய் 17 மட்ச் ஆடினார், ஒரு டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான மட்ச்) கூட இல்லை, ஏனென்றால் முன்னால் ஷோன் ஃபிட்ஸ்பட்ரிக் இருந்தார். எடி ஜோன்ஸ் ரண்ட்விக் கழகத்தின் முதல் அணி ஹூக்கர். 1989இல் அவுஸ்திரேலியத் தெரிவாளர்கள் அவரைத் தாண்டிப் போய், அதே கழகத்தின் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஃபில் கேர்ன்ஸை எடுத்தார்கள். இதைவிட நோகிற விஷயம் ஒரு விளையாட்டு வீரனுக்கு வேறு என்ன? டேவிட் நுசிஃபோரா 1991இல் உலகக் கிண்ணம் வென்ற அவுஸ்திரேலியக் குழுவில் இருந்தார். அவருக்கும் முன்னால் அதே கேர்ன்ஸ்தான். மொத்தம் இரண்டு டெஸ்ட். இந்த மூன்று பேரும் பிறகு எங்கே போய் நின்றார்கள் என்று பாருங்கள். வாங்கில் இருப்பவன் 80 நிமிடமும் மட்ச் பார்க்கிறான். ஸ்க்ரம்முக்குள் தலையை விட்டிருப்பவனுக்குப் புல்லும் அடுத்தவன் காலும்தான் தெரியும்.

அந்த மூவரில் உங்கள் தம்பி கேட்கும் வேலைக்கு மிக நெருக்கமானவர் நுசிஃபோரா. அவுஸ்திரேலியாவின் பிரம்பீஸ் அணியின் பயிற்றுநராக 2004இல் சுப்பர் 12 கிண்ணம் வென்றார். கிண்ணம் கைக்கு வருமுன்பே, அந்த சீசனோடு அவர் போக வேண்டும் என்று முடிவாகிவிட்டிருந்தது. வீரர்களோடு ஒத்துப்போகவில்லை என்பது காரணம். வென்றாலும் வீட்டுக்குப் போகலாம் என்ற பாடத்தை அவர் அங்கே படித்திருப்பார். பிறகு ஒக்லண்டில் புளூஸ் அணி, அவுஸ்திரேலியச் சங்கத்தில் உயர்திறன் பொறுப்பு, 2014 முதல் 2024 வரை அயர்லாந்துச் சங்கத்தின் பெர்ஃபோமன்ஸ் டிரெக்டர். அங்கே அவர் யாருக்கும் டாக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது) சொல்லிக்கொடுக்கவில்லை. யாரைப் பயிற்றுநராக எடுப்பது, எந்த வீரருக்குச் சங்கம் நேரடியாகச் சம்பளம் கொடுப்பது, ஒரே மாகாண அணியில் ஒரே இடத்துக்கு இரண்டு நல்ல ஆட்கள் இருந்தால் ஒருவரை இன்னொரு மாகாணத்துக்குப் போகச் சொல்லுவது என்பதுதான் வேலை. 2018இல் ஜோய் கார்பரி என்ற வீரர் டப்ளினின் லென்ஸ்டரிலிருந்து மன்ஸ்டருக்குப் போனது அப்படி ஒன்று. டப்ளின் ரசிகர்கள் பல்லைக் கடித்தார்கள். அவருடைய காலத்தில்தான் அயர்லாந்து முதல் தடவையாக நியூசிலாந்தைத் தோற்கடித்தது, 2016இல் சிக்காகோவில் 40-29. 2022இல் நியூசிலாந்து மண்ணிலேயே தொடரை வென்றார்கள். உலகக் கிண்ணத்தில் மட்டும் காலிறுதியைத் தாண்டவே இல்லை. 2015, 2019, 2023 மூன்றிலும் அங்கேயே கதை முடிந்தது. பணிப்பாளர் ஒருவரின் பத்து வருடக் கணக்கு இப்படித்தான் இருக்கும், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வாதாடலாம்.

இனி ராசி எரஸ்மஸ். தம்பி கனவு காண்பது இவரைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இவரும் ஃப்ளாங்கர், இவரையும் காயம்தான் வெளியே தள்ளியது.

1972இல் தென்னாபிரிக்காவின் டெஸ்பச் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். 1997 முதல் 2001 வரை 36 டெஸ்ட். நான் சொன்ன வாங்குக் கதை இவருக்குப் பொருந்தாது, இவர் முதல் தர வீரர். விளையாடும் காலத்திலேயே மட்ச் வீடியோக்களை ஓடவிட்டு எதிரணியை ஆராய்வதில் ஆர்வம் கொண்டவர் என்று பெயர். காலில் வந்த காயத்தோடு விளையாட்டு முடிந்தது. புளும்ஃபொன்டெய்னில் சீட்டாஸ் அணியைப் பொறுப்பெடுத்து 2005இல் தென்னாபிரிக்க உள்ளூர்த் தொடரான கரி கிண்ணம் வென்றார். அந்தக் காலத்தில் ஸ்டேடியத்தின் கூரையில் ஏறி இருந்து, நிற விளக்குகளைப் போட்டு வீரர்களுக்குச் சைகை காட்டுவார். சிவப்பென்றால் ஒன்று, பச்சையென்றால் இன்னொன்று. எல்லோரும் சிரித்தார்கள். 2023 உலகக் கிண்ணத்திலும் தென்னாபிரிக்கப் பயிற்றுநர் அறையிலிருந்து நிற விளக்கு எரிந்தது. அப்போது சிரித்தவர்கள் குறைவு.

இடையில் நடந்ததுதான் தம்பி கவனிக்க வேண்டியது. சீட்டாஸுக்குப் பிறகு கேப் டவுனில் மேற்கு மாகாணம், 2012இல் தென்னாபிரிக்கச் சங்கத்தில் உயர்திறன் பொறுப்பு. வெளியில் பெயர் வராத, கூட்டமும் அறிக்கையும் நிறைந்த வருடங்கள் அவை. 2016இல் அயர்லாந்தின் மன்ஸ்டரில் றக்பிப் பணிப்பாளராகப் போனார். அங்கே தலைமைப் பயிற்றுநர் அந்தனி ஃபோலி. இருவருக்கும் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. ஒக்டோபரில் பாரிஸில் மட்சுக்குப் போன இடத்தில் ஃபோலி திடீரென்று இறந்துபோனார். 42 வயது. எரஸ்மஸ் அலுவலக மேசையை விட்டு மைதானத்துக்கு இறங்கி, உடைந்துபோன அணியைப் பிடித்து அந்த சீசனில் ஐரோப்பியக் கழகத் தொடரான ப்ரோ12 இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார்.

2018 மார்ச்சில் தென்னாபிரிக்காவின் தலைமைப் பயிற்றுநர், அதே நேரம் றக்பிப் பணிப்பாளர். சியா கொலிசியைத் தலைவராக்கினார், தென்னாபிரிக்க டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர். 2019 நவம்பர் 2, யொக்கொஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வென்று உலகக் கிண்ணம். பிறகு பயிற்றுநர் கதிரையை ஜாக் நீனாபருக்குக் கொடுத்துவிட்டுப் பணிப்பாளராக மட்டும் இருந்தார். நீனாபர் யார் தெரியுமா? ஒரு இயன்மருத்துவர், பிசியோ. பெரிய மட்ச் ஆடிய ஆள் கிடையாது. 2023 ஒக்டோபரில் நியூசிலாந்தை 12-11 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்று அடுத்தடுத்த இரண்டாவது கிண்ணத்தை எடுத்தபோது தலைமைப் பயிற்றுநர் அந்த பிசியோதான். 36 டெஸ்ட் ஆடியவரும் பெரிய மட்ச் ஆடாதவரும் ஒரே மேசையில் இருந்து செய்த வேலை அது. ஆகவே என் வாங்குத் தத்துவத்தையும் முழுசாக நம்ப வேண்டாம்.

எரஸ்மஸைக் கும்பிட வேண்டியதும் இல்லை. 2021இல் லயன்ஸ் தொடரில் பணிப்பாளர் பதவியில் இருந்துகொண்டே தண்ணீர்ப் போத்தல் தூக்குபவராக மைதானத்துக்குள் ஓடினார். நடுவரின் தவறுகள் என்று 62 நிமிட வீடியோ ஒன்றைப் பேசிப் பதிவு செய்தார், அது வெளியே வந்தது. இரண்டு மாதம் எல்லா றக்பி வேலைகளுக்கும் தடை, அதற்கு மேல் 2022 செப்டெம்பர் முடியும் வரை மட்ச் நாள் தடை. தலைமைப் பயிற்றுநரோ பணிப்பாளரோ தண்ணீர் தூக்கக் கூடாது என்று பிறகு விதியே வந்துவிட்டது. திறமை இருந்தது, மரியாதை அந்த மாதங்களில் இருக்கவில்லை. நடுவர் வேலைக்கு ஆள் கிடைக்காமல் கஷ்டப்படும் கொழும்பில் இருந்து பார்க்கும்போது எனக்கு அது பிடிக்கவே இல்லை.

சரி, நம் கொழும்பு மைதானங்களான லோங்டன் பிளேஸுக்கும் ஹெவ்லொக் பார்க்குக்கும் திரும்பி வருவோம்.

நான் விளையாட்டை நிறுத்திய வருடம் ஒரு பாடசாலையில் 13 வயதுக்குட்பட்டவர்களைத் தந்தார்கள். 40 பையன்கள், 6 பந்து. கழகத்தில் எங்களுக்கு எப்படிச் சொல்லித்தந்தார்களோ அப்படியே வரிசையில் நிற்கவிட்டு, ஒருவன் ஓடி வர மற்றவன் டாக்கிள் செய்ய வேண்டும் என்று தொடங்கினேன். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பையன், கண்ணாடியைக் கழற்றி அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து கேட்டான்: "சேர், தலையை எந்தப் பக்கம் வைக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 14 வருடம் டாக்கிள் செய்த மனிதன். என் தலை எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை, அது தானாகப் போகும். "செய்து காட்டுகிறேன் பார்" என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிரவு வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் தலையணை ஒன்றைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு முழங்காலில் நின்று மெதுமெதுவாகச் செய்து பார்த்தேன். மனைவி கதவருகில் நின்று சிரித்தாள். வலது தோளால் அடித்தால் என் தலை தலையணையின் பின்பக்கம் போகிறது, காது தலையணையோடு ஒட்டுகிறது, கண் மேலே பார்க்கிறது. முன்பக்கம் போனால் ஓடி வருபவனின் முழங்கால் நேரே நெற்றியில் விழும். தலை தவறான பக்கம் போவதுதான் டாக்கிள் செய்பவனுக்கு மூளை அதிர்ச்சி வரும் முக்கிய வழிகளில் ஒன்று என்பதைப் பிறகு பாடநெறியில் படித்தேன். அன்று அதைத் தலையணை சொல்லித்தந்தது.

அடுத்த நாள் அந்தப் பையனிடம் போய் "உன் காது அவன்ட இடுப்புக்குப் பின்னால ஒட்டவேணும்" என்றேன். பக்கத்தில் நின்ற சிங்களப் பையனுக்கு "ஒளுவ பிட்டிபஸ்ஸட" (தலை பின்பக்கம்) என்று சொன்னேன். இருவருக்கும் விளங்கியது. முழங்காலில் நின்று செய்யவிட்டேன், பிறகு குந்தியிருந்து, பிறகு நடந்து, கடைசியாகத்தான் ஓட்டம். நான் பயிற்றுநர் ஆனது அந்தக் கிழமையில்தான் என்று நினைக்கிறேன், முதல் நாள் இல்லை.

உங்கள் தம்பியின் பிரச்சினையும் இதுவாகத்தான் இருக்கும். நன்றாக ஆடியவனின் உடம்புக்குத் தெரிந்ததை அவன் வாய் சொல்லாது. அதைச் சொல்லாக மாற்ற வருடக்கணக்காகும். பெரிய பெயரோடு வரும் வீரர்கள் இந்த வருடங்களைத் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். பெயர் இருப்பதால் கழகமும் நேரே முதல் அணியைக் கையில் கொடுத்துவிடுகிறது. ஒரு சீசன் தோற்றால் ஆளைக் காணோம்.

பயிற்சிப் பணிப்பாளராக நான் செய்யும் வேலையின் ஒரு மாலையையும் சொல்கிறேன். அண்மையில் ஓய்வுபெற்ற, நீங்கள் பெயர் கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஒருவர் 15 வயது அணிக்குப் பயிற்சி கொடுத்தார். நான் எல்லைக்கோட்டில் நிறுத்தற் கடிகாரத்தோடு நின்றேன். 60 நிமிடப் பயிற்சியில் அவர் நின்று பேசியது 26 நிமிடம். ஒரு பையனை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்தேன், சுருட்டை முடி, வலது விங். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவன் பந்தைத் தொட்டது 9 தடவை. முடிந்த பிறகு அந்த எண்களைக் கடதாசியில் எழுதி அவரிடம் நீட்டினேன். முகம் சிவந்துவிட்டது. "நான் பேசாவிட்டால் இவங்களுக்கு எப்படி விளங்கும்?" என்றார். சண்டை பிடிக்கவில்லை, அடுத்த செவ்வாய் வந்து மறுபடியும் அளக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அடுத்த செவ்வாய் 14 நிமிடம். ஐந்து ஐந்து பேராகச் சிறிய மைதானங்களில் விட்டிருந்தார். சுருட்டை முடிக்காரன் 40 தடவைக்கு மேல் பந்தைத் தொட்டான், அதன் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். இதுதான் இந்த வேலை. கைதட்டல் கிடையாது, அன்று மாலை என்னை யாரும் தேநீர் குடிக்கக் கூடக் கூப்பிடவில்லை.

இதில் கசப்பான பக்கமும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலை மட்சில் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிற்கும் எங்கள் ப்ரொப் ஒருவன் மோதி விழுந்து எழும்பினான். ஓடினான், ஸ்க்ரம்முக்கும் வந்தான். பக்கத்தில் போனபோது "சேர், ஸ்கோர் எவ்வளவு?" என்றான். சொன்னேன். அரை நிமிடம் கழித்து மறுபடியும் "சேர், ஸ்கோர் எவ்வளவு?" வெளியே எடுத்துவிட்டேன். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வெளியே, அதே நாளில் திரும்ப இறக்கக் கூடாது என்பது பாடசாலை றக்பியில் உலகம் முழுக்க உள்ள ஒழுங்கு. அவனுக்குப் பதிலாக இறங்கியவன் பயிற்சி போதாதவன், கடைசி நிமிடங்களில் ஸ்க்ரம்மில் பெனல்டி கொடுத்து மட்ச் போனது. அன்றிரவு பழைய மாணவர் பக்கத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளை நான் இங்கே எழுதவில்லை. அடுத்த சீசனுக்கு என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் அதுதான் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தப் பையனின் அப்பா மட்டும் தீபாவளிக்குப் பலகாரத்தோடு வீட்டுக்கு வந்தார். தம்பிக்குக் கோச் வேலை பிடிக்குமா என்பதை விட, இப்படி ஒரு இரவைத் தாங்குவாரா என்று அக்கா யோசித்துப் பார்க்கலாம். பணிப்பாளரான பிறகு இந்த முடிவை உங்களுக்காக மற்றக் கோச்மார் எடுப்பார்கள், திட்டு உங்களுக்குத்தான் வரும்.

இலங்கை நிலைமை பற்றிச் சில வார்த்தை. இங்கே றக்பி நேற்று வந்ததில்லை. கொழும்பில் 1879இலேயே ஆடியிருக்கிறார்கள், சங்கம் 1908இலிருந்து இருக்கிறது, பாடசாலைகளுக்கு அது கண்டி கிங்ஸ்வூட் வழியாக 1891இல் வந்தது. றோயலும் திரித்துவமும் மோதும் பிராட்பி கேடயம் 1945இலிருந்து. தமிழருக்கு இது அந்நியம் என்று சொல்பவர்களுக்கு நான் ஸும்மா நவரத்னத்தின் பெயரைச் சொல்வேன். 1950களில் நாட்டின் அதிவேக ஓட்டக்காரர், றக்பியிலும் பெயர் எடுத்தவர், பிறகு பயிற்றுநர். ஆனால் முழுநேரச் சம்பளத்தோடு பயிற்சிப் பணிப்பாளர் கதிரைகள் இந்த நாட்டில் கைவிரலில் எண்ணக்கூடியவை. பெரும்பாலான பாடசாலைகளில் பயிற்றுநருக்கு வரும் காசு பழைய மாணவரின் கையிலிருந்து வருகிறது, கழகங்களில் அனுசரணையாளரின் கையிலிருந்து. செயற்குழு மாறினால் ஆளும் மாறும். சங்கத்துக்குள்ளும் அரசியல். 2023இல் உலக றக்பி அமைப்பு இலங்கையை இடைநிறுத்தியபோது, மேலே நாற்காலிக்குச் சண்டை பிடித்தவர்களை விடக் கீழே பாடநெறிக்குக் காத்திருந்த இளம் கோச்மார்தான் அதிகம் தவித்தார்கள்.

தகுதிச் சான்றிதழ் எளிய விஷயம், சுருக்கமாக முடிக்கிறேன். உலக றக்பியின் பயிற்றுநர் பாடநெறிகள் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று போகும். அதற்கு முன் இணையத்தில் இலவசமாகச் செய்யக்கூடிய பகுதிகள் உண்டு, பாதுகாப்பும் மூளை அதிர்ச்சியும் பற்றியவை, தம்பி இந்த வார இறுதியிலேயே முடிக்கலாம். முதல் நிலைக்குப் பிறகு அவசரப்படாமல் இரண்டு சீசன் பிள்ளைகளோடு நின்றுவிட்டு இரண்டாம் நிலைக்குப் போனால்தான் அங்கே கேட்கும் கேள்விகளே விளங்கும். பயிற்றுநரைப் பயிற்றுவிக்கும் ஆளாக ஆவதற்குத் தனிப் பாதை இருக்கிறது. பணிப்பாளர் ஆசை உள்ளவர் அதைத்தான் குறிவைக்க வேண்டும், முதல் அணியின் தலைமைப் பயிற்றுநர் பதவியை அல்ல. கூடவே ஒரு முறையான முதலுதவிப் பயிற்சி. 19 வயதுக்குட்பட்டவர்களின் விதிகளைத் தனியாகப் படிக்க வேண்டும், ஸ்க்ரம்மில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது என்பது போன்றவை. கழக வீரர்கள் பலருக்கு இது தெரியாது. சிங்களம் மைதானச் சிங்களமாக மட்டும் இருந்தால் போதாது, பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயின் பயத்துக்குப் பதில் சொல்லும் அளவுக்கு வேண்டும். தமிழ்ப் பையன்களுக்குத் தமிழிலேயே சொல்லக்கூடிய கோச்மார் கொழும்பில் குறைவு, அது உங்கள் தம்பிக்குக் கூடுதல் பலம்.

முழங்காலைப் பற்றி: அந்த இன்னும் ஒரு சீசன் தேவையா என்று சத்திரசிகிச்சை செய்தவரிடம் கேளுங்கள், கழகத்திடம் கேட்க வேண்டாம். ஓடிக் காட்ட முடியாத கோச் தோற்றுப்போவதில்லை, ஆனால் மைதானத்தில் மூன்று மணித்தியாலம் நிற்க முடியாதவர் கஷ்டப்படுவார்.

அம்மாவுக்குப் பதில்: வங்கி வேலையை விட வேண்டாம். இப்போதைக்கு எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். நானும் அலுவலக வேலை பார்த்துக்கொண்டேதான் 11 வருடம் பயிற்சி கொடுத்தேன், சம்பளம் அங்கிருந்து வந்ததால்தான் அந்த ப்ரொப் பையனை யோசிக்காமல் வெளியே எடுக்க முடிந்தது. பாடசாலைப் பயிற்சி பின்னேரம் 3 மணிக்குப் பிறகு தொடங்கும், வங்கிக்காரர் கணக்கு முடித்து அந்த நேரத்துக்கு வெளியே வருவது நடக்காத காரியம். அதனால் சனிக்கிழமையில் தொடங்கச் சொல்லுங்கள். பல இடங்களில் 10 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சனி காலை 7 மணிக்குப் பயிற்சி நடக்கும், உதவிக்கு ஒரு ஆள் கிடைத்தால் எந்தக் கோச்சும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். முதல் ஒரு மாதம் விசில் கொண்டுபோக வேண்டாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும், ஒரு பிள்ளையைத் தெரிவு செய்து அவன் எத்தனை தடவை பந்தைத் தொடுகிறான் என்று எழுதிக்கொண்டு வரட்டும்.